விடியறதுக்கு முன்னாடி வா

மார்கழியில் எங்கள் தெருவில் முதலில் எழுந்திருப்பவர் எதிர்வீட்டு அக்கா. நாலரை மணிக்கு வாசல் தெளித்து, ஐந்து மணிக்குள் கோலத்தை முடித்து, நடுவில் பூசணிப்பூவையும் வைத்துவிடுவார். அடுத்து எழுந்திருப்பது என் ஜீப். 2017 மார்கழியில் அது எழுந்திருக்கப் பட்ட பாட்டை மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெரு முழுக்கப் பார்த்தது. இஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். இருபது விநாடி கழித்து ஒரு சிலிண்டர் மட்டும் 'டக்'கென்று பிடிக்கும். பிறகு இன்னொன்று. நான்கும் சேர்ந்து உடம்பை உதறிக்கொண்டு ஓட ஆரம்பிப்பதற்குள் வெள்ளைப் புகை தெருவை அடைத்துக்கொண்டு கோலத்தின் மேல் போய் உட்கார்ந்திருக்கும்.

"தம்பி, பெருமாளுக்குச் சாம்பிராணி நானே போட்டுக்கறேன். நீ வேற எதுக்கு?" என்றார் அக்கா ஒரு நாள்.

கடலூரில் என்ன பெரிய குளிர் என்று கேட்பீர்கள். நியாயம்தான். மார்கழி, தை விடியலில்கூட இங்கே 20 டிகிரிக்கு ரொம்பக் கீழே இறங்குவது அபூர்வம். மஃப்ளர் சுற்றிக்கொண்டு டீக்கடைக்கு வருகிறவர்கள் ஒரு வழக்கத்துக்காகச் சுற்றிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். லடாக்கில் குளிர்காலத்தில் டீசலே மெழுகு கட்டிவிடும். அதற்காகவே 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரி வரை ஓடக்கூடிய தனி டீசலைக் கொண்டுவந்தது. அங்கே வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் குளிரைத் திட்டலாம். இங்கே யாரைத் திட்டுவது? 20 டிகிரியில் ஒரு டீசல் இஞ்சின் எழுந்திருக்க அடம்பிடித்தால் அதற்கு எங்கேயோ உடம்பு சரியில்லை. சூடேறிவிட்டால் அந்த நோவெல்லாம் மறைந்துபோகும். மத்தியானம் சாவியைத் திருப்பினால் அரைச் சுற்றில் பிடிக்கும், பார்க்கிறவர் "கிண்ணுனு இருக்கு சார்" என்பார். ராத்திரி முழுக்க நின்று ஆறிய வண்டி, விடியலில் முதல் ஸ்டார்ட்டில் என்ன சொல்கிறதோ அதைத்தான் நான் நம்புகிறேன்.

இந்தப் பாடத்தை எனக்குச் சொன்னவர் வண்டியை விற்றவரேதான். 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவருக்கு அங்கே ஏழு ஏக்கர் முந்திரித் தோப்பு. புயலுக்குப் பிறகு நின்ற மரங்களை விரல்விட்டு எண்ணலாம். "மரமே இல்லாத தோப்புக்கு ஜீப் எதுக்கு தம்பி?" என்று 1994 மாடல் மஹிந்திரா எம்.எம்.540ஐ விற்கப் போட்டிருந்தார். நான் போனில், "மத்தியானம் வந்து பாக்கட்டுமா ஐயா?" என்றேன்.

"மத்தியானம் பாத்தா எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். விடியறதுக்கு முன்னாடி வா" என்றார்.

முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் இறங்கியபோது இன்னும் இருட்டு. கையில் டார்ச்சோடு நின்றிருந்தார். "பானட்டு மேல கையை வை" என்றார். பனி இறங்கி ஈரமாக இருந்தது, சில்லென்று. "சூடு இருக்கா? இல்லல்ல? இப்ப அடி." இஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டரைப் போட்டு அவரே பதினைந்து வரை எண்ணினார். இரண்டாவது சுற்றில் பிடித்தது. ஒன்றரை லட்சம் சொன்னதை ஒன்று முப்பதுக்குப் பேசி முடித்தோம். திரும்பி வரும் வழியில் சாய்ந்த மரங்களை அறுக்கும் சத்தம் நெல்லிக்குப்பம் வரை கேட்டுக்கொண்டே இருந்தது போல எனக்கு நினைவு.

அந்த வண்டியின் இஞ்சினைப் பற்றி ஒரு சின்ன சந்தோஷம் எனக்கு உண்டு. அது பிறப்பால் பிரெஞ்சுக்காரன். பேஜோ கம்பெனியின் எக்ஸ்.டி.பி. 4.90. நான்கு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர், அதாவது சிலிண்டரின் விட்டம், அதனால் அந்தப் பெயர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 83. பெருக்கிப் பார்த்தால் 2112 சி.சி. வரும். இதே அளவு டீசல் இஞ்சின் பேஜோ 504 காரில் ஓடியது. மஹிந்திரா உரிமம் வாங்கி அதை இங்கேயே செய்து, 1940களின் கடைசியிலிருந்து தான் பூட்டிக்கொண்டிருந்த வில்லீஸ் ஜீப்பின் வழிவந்த உடம்பில் பொருத்தியது. உடம்பு அமெரிக்கா, இதயம் பிரான்ஸ், புகை கடலூர். முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள் நுழையும்போது வண்டி கொஞ்சம் உற்சாகமாக ஓடுவதாக என் மனைவியிடம் சொல்வேன். "அது கன்னியக்கோவில்ல டீசல் விலை கம்மிங்கற சந்தோஷம்" என்பாள்.

சரி, அது ஏன் காலையில் அடம்பிடிக்கிறது? சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குப் பம்பின் அடிப்பக்கம் சுடுவது தெரியும். டீசல் இஞ்சின் முழுக்க அந்தச் சூட்டை நம்பித்தான் இருக்கிறது. பெட்ரோல் வண்டியில் தீப்பொறி தர ஸ்பார்க் பிளக் உண்டு. இதில் கிடையாது. காற்றை இருபதில் ஒரு பங்குக்கும் கீழாக அமுக்கி, அந்தச் சூட்டிலேயே நாசில் பீய்ச்சும் டீசலைப் பற்றவைக்க வேண்டும். என் இஞ்சின் பழைய பாணி. டீசல் நேராக பிஸ்டன் தலைக்குப் போகாது. சிலிண்டருக்கு மேல்மூடியான ஹெட்டுக்குள் நெல்லிக்காய் அளவில் ஒரு தனி அறை, அதற்குள் பீய்ச்சி, அங்கே பற்றி, அப்புறம்தான் கீழே பாயும். ஓடும்போது இது சத்தம் குறைவு. ஆனால் ஆறிக் கிடக்கும்போது அந்த அறையின் சுவர்களே பாதிச் சூட்டைக் குடித்துவிடும். அதனால்தான் அறைக்கு ஒன்றாக நான்கு ஹீட்டர் பிளக். பென்சில் தடிமனில் இருக்கும். சாவியை ஒரு கட்டம் திருப்பி வைத்தால் நுனி பழுத்து, அறைக்குள் ஒரு கங்கு வைத்தது மாதிரி ஆகும்.

எழுந்திருக்காத டீசல் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது புகைக்குழாயை. செல்ஃப் சுற்றும்போது பின்னால் ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்கு வந்து சேரவில்லை. வெள்ளைப் புகை என்றால் டீசல் வருகிறது, ஆவியாகிறது, எரியாமல் வெளியே போகிறது. அப்போது சூடு போதவில்லை என்று அர்த்தம். ஓட ஆரம்பித்த பிறகு நீலமாக வந்துகொண்டே இருந்தால் இஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. கறுப்பு என்றால் டீசல் அதிகம், அல்லது காற்று குறைவு. ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். இவ்வளவும் ஒரு பைசா செலவில்லாமல் தெரிந்துவிடும். நான் அன்றைக்கு இதைச் செய்யவில்லை. வெள்ளைப் புகைதான் என்பதை எதிர்வீட்டு அக்காவே தினம் சொல்லிக்கொண்டிருந்தும் எனக்கு உறைக்கவில்லை. நேராகப் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதலில் ஹீட்டர் பிளக். இதை வீட்டிலேயே பார்க்கலாம். நான்கு பிளக்கின் தலைகளையும் இணைக்கும் பட்டைக் கம்பியைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஒவ்வொரு தலைக்கும் இஞ்சின் உடம்புக்கும் நடுவே பார்க்க வேண்டும். நல்ல பிளக் ஒரு ஓம் பக்கத்தில் காட்டும். எரிந்துபோனது எதையும் காட்டாது. என்னுடையதில் மூன்றாவது செத்திருந்தது. ஒன்று போனாலும் வண்டி கிளம்பும், மற்ற மூன்றும் நான்காவதை இழுத்துக்கொண்டு போகும். அந்த முதல் அரை நிமிட உதறல் அதுதான்.

கழற்றுவதில்தான் ஆபத்து. பல வருடம் கரி படிந்து நுனி வீங்கியிருக்கும். ஆறிய இஞ்சினில் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் நுனி உடைந்து உள்ளேயே நின்றுவிடும். அப்புறம் ஹெட்டை இறக்க வேண்டியதுதான். நான் முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டு, காலையில் கொஞ்ச தூரம் ஓட்டி இஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு வந்து, கால் சுற்று இறுக்குவதும் அரைச் சுற்று தளர்த்துவதுமாக எடுத்தேன். மூன்று பிளக்குக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. மூன்றாவது, அதாவது செத்தது, தளரும்போது 'கிரீச்' என்று ஒரு சத்தம் கொடுத்தது. அந்தச் சத்தத்தில் எனக்கு வியர்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. முழுசாகத்தான் வந்தது. நுனியில் கரி பாக்குக் கொட்டை மாதிரி. வெளியே எடுத்த மற்ற இரண்டை பேட்டரியோடு வயர் கொடுத்துப் பார்த்தேன். நல்ல பிளக் நுனியிலிருந்து சிவக்க ஆரம்பிக்கும். ஒன்று நடுவில் சிவந்து நுனி கறுப்பாகவே இருந்தது. மீட்டரில் நல்லதாகக் காட்டியது அதே பிளக்தான். இதைப் பிடிக்கக் கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கை வைத்தது வைத்தாயிற்று என்று நான்கையும் புதிதாகப் போட்டேன்.

உதறல் நின்றது. இருபது விநாடி பதினைந்தாயிற்று. புகை குறைந்தது, போகவில்லை.

அடுத்து நான் செய்த முட்டாள்தனம். டீசலை அழுத்தி அனுப்பும் பம்பையும் நாசிலையும் பழுது பார்க்கும் ஒரு கடையில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். எந்த ஊர், எந்தக் கடை என்பதெல்லாம் வேண்டாம். அவர் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "பம்ப் போச்சு சார்" என்றார். நான் போனது மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு. வண்டி சூடு. ஆறின வண்டியை அவர் பார்க்கவே இல்லை, பார்க்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. பம்பையும் நான்கு நாசிலையும் இறக்கி, சோதனை பெஞ்சில் போட்டு, ஐந்து நாள் கழித்துக் கொடுத்தார். பதினாலாயிரம் ரூபாய். மறுநாள் விடியலில் ஸ்டார்ட் செய்தேன். பதினைந்து விநாடி. அக்கா கோலப்பொடிக் கிண்ணத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கடைசியில் முதுநகரில் பழைய லாரிகளுக்கு வேலை பார்க்கும் ஒரு பாயிடம் புலம்பினேன். அவர், "வண்டியை இங்க கொண்டாராத. ராத்திரி உன் வீட்லயே நிக்கட்டும். நான் காலைல வரேன்" என்றார். வந்தார். ஐந்து மணிக்கு, ஸ்கூட்டியில், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு. பானட்டைத் திறக்கக்கூட இல்லை. "அடி" என்றார். சுற்றியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "தம்பி, உன் செல்ஃப் தூங்குது. டீசல் இஞ்சினை மெதுவா சுத்துனா சூடு நிக்குமா? ஓட்டைப் பானைல தண்ணி ஊத்தற மாதிரி, நீ அமுக்கற நேரத்துல பாதி பிஸ்டன் ரிங் வழியா எறங்கிடும், மீதிய ஹெட்டு குடிச்சிடும். வேகமா சுத்தணும்."

பேட்டரி புதிது, 12.6 வோல்ட் காட்டுகிறது என்றேன். அவர் என் மல்டிமீட்டரை வாங்கி, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் தலையிலும் இன்னொன்றை இஞ்சின் உடம்பில் ஒரு போல்ட்டிலும் வைத்து மறுபடி அடிக்கச் சொன்னார். இரண்டுமே எர்த்துதான், நடுவில் வோல்ட்டே இருக்கக் கூடாது. கால் வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். 1.8 காட்டியது. பேட்டரியிலிருந்து புறப்பட்ட மின்சாரத்தில் கிட்டத்தட்ட இரண்டு வோல்ட் செல்ஃபுக்கு வேலை செய்யாமல் திரும்பும் வழியிலேயே செத்துக்கொண்டிருந்தது.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தோம். கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்குப் போகும் பின்னல் கம்பிப் பட்டை. மேலே பார்க்க முழுசாக இருந்தது. பாய் நகத்தால் கீறினார். பச்சைப் பொடி உதிர்ந்தது, பட்டையின் முக்கால்வாசி இழைகள் அதோடு சேர்ந்து கையோடு வந்தன. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலிருந்து எங்கள் வீடு தூரமில்லை. போதாததற்கு நான் வாரத்தில் மூன்று நாள் தியாகவல்லிப் பக்கம் மாமனாரின் சவுக்குத் தோப்புக்குப் போகிறவன், மணலில் இறங்கி ஏறுகிறவன். ஐந்தாறு வருட உப்புக்காற்று அந்தப் பட்டையைத் தின்றிருந்தது. ஹீட்டர் பிளக்குக்கும் திரும்பும் வழி அதே பட்டைதான் என்பதைப் பாய் சொன்ன பிறகே யோசித்தேன். செல்ஃப் சுற்றுகிற அந்த நேரத்தில், நான் வியர்க்க வியர்க்க மாற்றிய நான்கு புது பிளக்கும் அரைவயிற்றில்தான் எரிந்திருக்கின்றன.

முந்நூறு ரூபாய்க்கு இரண்டு தடித்த எர்த் வயர். ஒன்று இஞ்சினிலிருந்து சேஸிஸுக்கு, இன்னொன்று நேராகப் பேட்டரிக்கு. போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிகிற வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினார். செல்ஃப் சத்தமே மாறிப்போனது. ஐந்தாறு விநாடியில் பிடித்தது. மீட்டரில் 0.1.

"ரெண்டே செகண்ட்ல பிடிக்கணும்" என்றார் பாய். மனுஷனுக்குத் திருப்தி வராது. மறுநாள் காலையில் அடிக்கும் முன், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் கைப்பிடியை இருபது தடவை அழுத்தச் சொல்லிவிட்டுப் போனார். அழுத்தினேன். முதல் பத்தில் எதிர்ப்பே இல்லை, தொளதொளவென்று போனது. அப்புறம்தான் கெட்டியானது. சாவியைத் திருப்பியவுடன் பிடித்தது. அதாவது, ராத்திரி டீசல் மெல்ல டேங்குக்கே திரும்பிப் போகிறது, எங்கேயோ காற்று நுழைகிறது. நான் வண்டியை வாசல் சரிவில் மூக்கு மேலாக நிறுத்துவது அதற்கு இன்னும் வசதி. பாய் சொன்னபடி ஃபில்டருக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் குழாயை எடுத்துவிட்டு, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயை மாட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தால் விடியலில் அதில் கட்டைவிரல் நீளத்துக்குக் காற்று நின்றிருந்தது. தேடிப் போனால், நாசில்களிலிருந்து மிச்ச டீசல் திரும்பும் சின்ன ரப்பர் குழாய். விரலால் வளைத்தால் வெடிப்பு தெரிந்தது. பம்பைப் பிரித்து மாட்டிய கடையில் அதே பழைய குழாயைத்தான் திரும்பச் செருகியிருந்தார்கள். நாற்பது ரூபாய்க்குக் குழாய், நான்கு கிளிப். காற்றை எடுக்க ஃபில்டர் மேல் இருக்கும் திருகைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் கெட்டியாக வழியும் வரை கையால் அடித்து, இறுக்கினேன். வேலை முடிந்தது. பதினாலாயிரத்து முந்நூற்று நாற்பதில் அந்த முந்நூற்று நாற்பதுதான் தேவைப்பட்டது. பிளக் செலவு தனி, அது நியாயமான செலவு.

அந்த மாதத்தில் தெருவில் போகிற வருகிற எல்லோரும் வைத்தியம் சொன்னார்கள். துணியை டீசலில் நனைத்துக் கொளுத்தி ஏர் கிளீனர் வாயில் காட்டு என்றார் ஒருவர். பழைய லாரிக்காரர்கள் செய்வதுதான். என் வண்டியில் இருப்பது ஆயில் பாத் ஏர் கிளீனர், உள்ளே ஒரு கிண்ணம் நிறைய எண்ணெய். அங்கே தீயைக் காட்டுவதும் அடுப்பில் ஏறி உட்காருவதும் ஒன்று. இன்னொருவர் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே வாங்கி வந்தார். ஈதர் கலந்தது, சட்டென்று பற்றும். ஹீட்டர் பிளக் பழுத்துக்கொண்டிருக்கும் இஞ்சினில் அதை அடித்தால் பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே வெடித்து ரிங்கை உடைக்கும். பாட்டிலை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உண்மையான குளிரில் ஒரே ஒரு தடவை அடித்திருக்கிறேன். 2019 ஜனவரி, ஊட்டி. புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி, பானட்டில் விரலால் பெயர் எழுதலாம். ஹீட்டரைப் பதினைந்து எண்ணி அணைத்து, மறுபடி பதினைந்து எண்ணினேன். கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டேன். கியர்பாக்ஸ் ஆயில் குளிரில் பாகு மாதிரி ஆகியிருக்கும், கிளட்சை மிதித்தால் செல்ஃபுக்கு அதையும் சேர்த்துச் சுற்றுகிற பாரம் இல்லை. மூன்று விநாடி. பக்கத்து அறையில் தங்கியிருந்த ஒருவருடைய புது கார் அன்று காலை பேட்டரி இறங்கிக் கிடந்தது. நான் கயிறு கொடுத்து இழுத்தேன். இதைக் கடலூரில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊரில் குளிரைவிட வண்டியைக் கொல்வது தண்ணீர். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி அசையாமல் நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மழை விட்டு மூச்சு விடுவதற்குள் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து, குண்டு உப்பலவாடி, கண்டக்காடு பக்கமெல்லாம் உள்ளே புகுந்தது. ஜீப்பை எடுத்துக்கொண்டு பால் பாக்கெட்டும் தண்ணீர்க் கேனும் ஏற்றிப் போனேன். முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்க அவற்றின் ஹப்பைப் பூட்டி, லோ கியரில், நடக்கிற வேகத்தில். ஃபேன் பெல்ட்டை முதலிலேயே கழற்றிவிட்டேன். அது சுற்றினால் தண்ணீரை வாரி இஞ்சின் மேலேயே அடிக்கும்.

அன்று என் உறவுக்காரப் பையன் ஒருவன் வீட்டு வாசலில் நின்ற டீசல் கார் பானட் வரை முழுகிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் ஓடிப்போய் ஸ்டார்ட் செய்திருக்கிறான். 'டொக்'. ஒரே சத்தம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் இரண்டு மடக்குத் தண்ணீர் இருந்தால் போதும், பிஸ்டன் மேலே வர இடமில்லாமல் அதைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முழுகின டீசல் வண்டியைத் தள்ளவும் கூடாது, சாவியைத் தொடவும் கூடாது. ஹீட்டர் பிளக் நான்கையும் கழற்றிவிட்டுத்தான் செல்ஃபைச் சுற்ற வேண்டும். தண்ணீர் அந்த ஓட்டைகள் வழியாகப் பீச்சிக்கொண்டு வரும். அது நின்ற பிறகு ஆயில், ஃபில்டர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு அப்புறம் பார்க்கலாம். அவனுக்கு அதை நான் முந்தின நாளே போனில் சொல்லியிருக்கலாம். கரண்ட் இல்லை, டவர் இல்லை.

என் வண்டியும் தப்பவில்லை. ஒரு வாரம் கழித்து முன் ஆக்ஸிலின் பல்சக்கரப் பெட்டியான கிரவுனில் ஆயிலைத் திறந்தால் பால் காபி நிறத்தில் வழிந்தது. சூடான ஆக்ஸில் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அதற்காகத்தான் ஆக்ஸில் மேல் மூச்சுவிடும் ஒரு சின்ன மூடி உண்டு. என்னுடையது சேறு அடைத்துக் கிடந்தது. இரண்டு முறை 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றி, ஓட்டி, வடித்து, மூன்றாவது ஊற்றலில்தான் நிறம் தெளிந்தது. இப்போது அந்த மூடிக்குப் பதில் ஒரு குழாயை மாட்டி பானட் உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டேன்.

மற்றதெல்லாம் வழக்கமான வேலை. கடற்கரை மணலுக்குப் போய் வந்தால் அன்றைக்கே அடிப்பக்கம் நல்ல தண்ணீரில் கழுவுவேன், மறுநாளைக்கு வைப்பதில்லை. கிரீஸ் கன் எடுத்து நிப்பிள்களுக்கெல்லாம் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடிப்பேன். மாதம் ஒரு முறை ஹப்பைப் பூட்டி மணலில் கொஞ்ச தூரம் ஓட்டுவேன், இல்லாவிட்டால் முன்பக்கப் பல்சக்கரங்களுக்கு ஆயில் ஏறாது. தார் ரோட்டில் ஃபோர் வீலைப் போடுவதில்லை, முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி எதையாவது உடைக்கும். டேங்கைப் பாதியில் விடுவதில்லை. கடலோர ஈரக்காற்று காலி இடத்தில் வியர்த்து டீசலில் தண்ணீராக இறங்கும், ஃபில்டர் அடித் திருகைத் திறந்தால் முதலில் வருவது அதுதான். இதைச் சாக்காக வைத்துத்தான் சனிக்கிழமை தோறும் கன்னியக்கோவில் போகிறேன், வேறு காரணம் எதுவும் இல்லை என்று வீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். கட்டினேன். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இரத்த அழுத்தம் ஏறும்.

போன மாதம் அரியாங்குப்பத்துப் பையன் ஒருவன், "அண்ணே, ஒரு 540 வருது, கூட வந்து பாருங்கண்ணே" என்று கூப்பிட்டான். விழுப்புரம் ரோட்டில் ஒரு வீடு. சாயங்காலம் ஐந்து மணி. வண்டி புதுப் பெயின்ட்டில் ஜொலித்தது. விற்கிறவர் வெள்ளை வேட்டியில் நல்ல வரவேற்பு, உட்காருவதற்குள் காபி. "ஒரு மாசமா எடுக்கவே இல்ல, அப்படியே நிக்குது. நீங்களே அடிச்சுப் பாருங்க, ஒரே அடி" என்றார்.

டம்ளரை வைத்துவிட்டுப் போய் பானட் மேல் உள்ளங்கையை வைத்தேன். இட்லிச் சட்டி மூடி மாதிரி சுட்டது. வெயில் படாத போர்ட்டிகோவில் நின்ற வண்டி. பையனைக் கூப்பிட்டு அவன் கையையும் எடுத்து வைத்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"நல்ல வண்டிங்க ஐயா" என்றேன். "நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு வந்து ஒரு தடவை அடிச்சுப் பாத்துட்டு அட்வான்ஸ் கொடுத்துடறோம்."

"அஞ்சு மணிக்கா?" என்றார். கொஞ்ச நேரம் வேட்டி நுனியை மடித்துக்கொண்டிருந்தார். "இல்லீங்க, எங்க வீட்ல எட்டு மணிக்கு முன்னாடி கேட்டைத் திறக்கற பழக்கம் இல்ல."